பாஸ்கா முடிந்த வாரம்

சாவிப் பல்லை ராவிக்கொண்டிருந்த அரம் சிலுவைமுத்துவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் சாய்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். என்ன ஆச்சு என்று மேஸ்திரி சூசைராஜ் கேட்டார். பதில் சொல்ல வந்த நாக்கு வாய்க்குள்ளேயே குழறியது.

போன வருஷம் அவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. மதுரையில் வயிற்றைத் திறந்து, அழுகிய சிறுகுடலில் முக்கால்வாசியை அறுத்தெடுத்தார்கள். பிழைத்தது மறுபிறவிதான். அதிலிருந்து வயிறு நிறையத் தின்றால், அதுவும் இனிப்பாகத் தின்றால், சில மணி நேரத்தில் நாக்கு குழறும், கால் பின்னும், பிறகு தானே தெளியும். தின்றதையும் குழறியதையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தவக்காலம் நாற்பது நாளும் அவன் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்தான். அரை வயிற்றுக் கஞ்சிதான். கை ஒருநாளும் நடுங்கவில்லை. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா வந்ததும் மனைவி சவரியம்மாள், இனியாவது உடம்பு தேறட்டும் என்று ஒரு வாரமாகச் சர்க்கரைப் பொங்கலும் வெல்லப் பணியாரமுமாகக் கொடுத்தாள். பாவம், எலும்பும் தோலுமாக இருக்கிறவனுக்கு வேறு என்னதான் செய்வாள்?

பூட்டுப் பட்டறையில் இருந்தவர்கள் போட்ட கணக்கு வேறு. தவசுக்காகக் குடியை விட்டவன், பாஸ்கா முடிந்ததும் தொடங்கிவிட்டான். அப்படி நாலு பேரைச் சூசைராஜ் பார்த்திருக்கிறார். இளவயதில் அந்த நாலில் அவரும் ஒருவர். வாயை ஊதச் சொன்னார். வாடை இல்லை. ஏலக்காய் மென்றிருப்பான் என்றான் பக்கத்து ஆள். மதுவிலக்கு அமலில் இருக்கிறது, போலீஸ் வந்தால் எல்லோருக்கும் சங்கடம் என்று அவனை வெளியே உட்கார வைத்தார்கள்.

மதியச் சோறு கொண்டுவந்த சவரியம்மாள் அவனைப் பார்த்தும், ஆட்கள் சொன்னதைக் கேட்டும் பதறிப்போனாள்.

"மாதா சத்தியமா இவுக குடிக்கல அண்ணே. ஒடம்புல தெம்பில்ல, அம்புட்டுத்தான்."

சூசைராஜுக்கு மனசு கேட்கவில்லை. "மூணு மணிக்கு மொதலாளி வருவாரு தாயி. அதுக்குள்ள நேரா நடந்து வந்து எடத்துல உக்காந்தான்னா நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா வேலை போயிரும். என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

சோற்றை அவன் வேண்டாமென்று தள்ளினான். அவள் டீக்கடைக்கு ஓடி, நாலு கரண்டி சீனி போடச் சொல்லிப் பால் வாங்கிவந்தாள். அவனால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தாடையைத் தாங்கிப் புகட்டினாள்.

"குடிச்சிருங்க. மூணு மணிக்குள்ள தெம்பு வந்துரும்."

வேலையை நினைத்து அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். உள்ளே மணி இரண்டு அடித்தது. தம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை அவள் விரலால் வழித்து அவன் நாக்கில் தடவினாள்.