ஆளுக்கொரு படி

1

இந்தக் கதை ஒரு பாராட்டு உரையில் பிறந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி என்னை நேர்மையின் மறுபெயர் என்றார். கேட்டுக்கொண்டிருந்த நானே அதை நம்பிவிட்டேன். உறுத்தல் தொடங்க இரண்டு வாரம் ஆயிற்று.

உளவுத்துறையில் உள்விசாரணை அதிகாரியாக இருந்தவன் நான். அதாவது, எதிரியை வேவு பார்ப்பவர்கள் தமக்குள் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்து பண்ணுகிறவன். கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்தப் பெண் என் அறைக்குள்—’

(மழையெல்லாம் இல்லை. பகல் பதினொரு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். படிவத்தில் கேட்டிருந்தபடி புகாரை மூன்று பிரதி எடுத்து வந்திருந்தார்.)

2

அவர் ஒரு பகுப்பாய்வாளர். வரும் தகவல்களை அலசி, நடக்கப்போவதைச் சொல்வது அவர் வேலை. ‘ஆதாரம்’ என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இன்று வெக்கை அதிகம் என்றால்கூட எத்தனை டிகிரி என்று கேட்பார்.

எல்லைக்கு அப்பால் ஒரு தையல்காரர் எங்களுக்குத் தகவல் தந்துகொண்டிருந்தார். அவர் கடையை அங்குள்ள காவல்துறை மோப்பம் பிடித்துவிட்டது, பத்து நாளில் பிடித்துவிடுவார்கள், அவரையும் மனைவியையும் உடனே வெளியே கொண்டுவர வேண்டும் என்பது ஆதாரத்தின் அறிக்கை. நம்பகத்தன்மை என்ற கட்டத்தில் ‘உறுதி’ என்று போட்டிருந்தார். இயக்குநரின் மேசைக்குப் போனபோது அந்தக் கட்டத்தில் ‘வதந்தி’ என்று இருந்தது. வதந்திக்கெல்லாம் இயக்குநர் வண்டி அனுப்புவதில்லை.

என் கண்டுபிடிப்பை அமுக்கிவிட்டார்கள் என்று, அறிக்கை கொடுத்த நான்காம் நாள் அவர் புகார் கொடுத்தார்.

3

கதைக்கு வில்லன் வேண்டும். பிரிவுத் தலைவரைப் போட்டேன். விரலில் தடித்த மோதிரமும் உதட்டில் கோணல் சிரிப்பும் கொடுத்தேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் பரம சாது. தன் மேசைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

நம்பகத்தன்மைக்கு ஐந்து படிகள் உண்டு என்று அவர் எனக்கே பாடம் எடுத்தார்: உறுதி, பெரும்பாலும், இருக்கலாம், தெளிவில்லை, வதந்தி. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் மரியாதைக்கு ஒரு படி இறக்குவது வழக்கம்.*

“கீழ இருக்கறவங்க உறுதின்னு எழுதலாம் சார். நான் நேர்ல பார்க்கலையே, நான் எப்படி அதே உறுதியோட கையெழுத்துப் போடறது? ஒரே ஒரு படிதான் இறக்கினேன்.”

அவருக்கு மேலே இருந்த மூவரும் அதையேதான் சொன்னார்கள். நான்கு கையெழுத்து, நான்கு படி. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் எதையும் அமுக்கவில்லை.

* இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆதாரம் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தாலும் உறுதிக்கு மேலே எழுத எதுவும் இல்லை.

4

முதல் முடிவு: நான் இயக்குநரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் மேசையில் ஓங்கிக் குத்துகிறேன். வண்டி கிளம்புகிறது.

என் மனைவி படித்துப் பார்த்தார். “ஏங்க, கதையில நீங்க ஏன் இவ்வளவு நல்லவரா இருக்கீங்க?”

இது புனைவு என்றேன். புனைவுக்கும் ஒரு அளவு உண்டு என்றார்.

இரண்டாவது முடிவு: தையல்காரர் தானே ஆபத்தை உணர்ந்து தப்பி, வேறொரு ஊரில் கடை போட்டு, ஒருநாள் ஆதாரத்துக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பு—

(எழுதும்போதே கூசியது. நிறுத்திவிட்டேன்.)

“அந்தாளு நிஜமா என்ன ஆனார்?” என்று மனைவி கேட்டார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

5

சரி, நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் காலை ஆதாரம் மறுபடி வந்தார். புகாரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“புகாரைக் கிழிச்சுப் போட்டுடுங்க சார். நான் பொய் சொன்னேன்னு வேணும்னாலும் எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன். இயக்குநருக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு.”

என் விசாரணை புகாரைப் பற்றியது, தையல்காரரைப் பற்றியது அல்ல என்று விளக்கினேன். நடுவில் நான் போன் செய்தால் விசாரணையின் நடுநிலை கெட்டுவிடும் என்றும் சொன்னேன். மிகவும் பணிவாகத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

பதினோராம் நாள் கடை பூட்டிக் கிடப்பதாகத் தகவல் வந்தது.

முப்பதாம் நாள் என் அறிக்கையை முடித்தேன். ‘கண்டுபிடிப்பு அமுக்கப்பட்டது: உறுதி’ என்று எழுதி, கையெழுத்துப் போடும்போது ‘பெரும்பாலும்’ என்று மாற்றினேன். எனக்கு மேலே மூன்று பேர் இருந்தார்கள். ஆதாரத்தை நூலகத்துக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

வெட்கமாக இருக்கிறது.

6

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தையல்காரரைத் தப்பிக்க வையுங்கள், சிறையில் வையுங்கள், அவர் மனைவியை மட்டும் எல்லை தாண்ட வையுங்கள். உண்மையில் என்ன ஆனது என்று எங்கள் துறைக்கே தெரியாது, ஆகவே எதை எழுதினாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். என்னைப் பற்றியும் இஷ்டம்போல எழுதுங்கள். நான் போனை எடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எடுக்கவில்லை.