இரண்டு தட்டு மௌனம்

இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் கைப்பிடி இன்னொரு சுற்று சுற்றியது. வெல்டரின் நடுவிரல் நொறுங்கியது.

அவன் போட்ட அலறலில் தகரக் கூரை அதிர்ந்தது. அவனுடைய பட்டறை, அவனுடைய வைஸ். உள்ளே மாட்டியிருந்ததும் அவனுடைய கைதான். உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடி பாடு," என்றான் சுத்தம். எதற்கெடுத்தாலும் 'சுத்தமா இருக்கணும்' என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். பழம்பாட்டு மீட்புக் குழுவின் தலைவன். கூட வந்த மூவர் கையிலும் இரும்புக் குழாய்.

"நம்மாளுன்னா மூணாவது அடியில ரெண்டு தட்டு நேரம் பாட்டை நிறுத்துவான். நீ நிறுத்தாம ஓடுற. எங்கேர்ந்துடா வந்து ஒட்டிக்கிட்ட?"

"எங்கம்மா பாடின மாதிரிதான்யா பாடுறேன்!"

குழாய் முழங்காலில் இறங்கியது.

வெல்டரின் அக்கா ஓடி வந்தாள், கழுத்தில் ஹெட்போன் தொங்க. குழு கும்பிடுகிற பழம்பாட்டு இசைத்தட்டைப் பதிவு செய்தவள் அவள்தான்.

"விடுங்கடா அவனை! அந்த இசைத்தட்டுல பாடுறதே எங்கம்மாடா!"

"அட்டையில 'பெயர் அறியாக் குரல்'னு இருக்கே?"

"உங்க குழுதான் அப்படிப் போட்டுச்சு. பேர் இல்லேன்னா பழசாத் தெரியுமாம். அன்னைக்கு அம்மாவுக்கு நெஞ்சுல சளி. மூணாவது அடியில இருமிட்டா. இருமலை வெட்டிட்டு, தாளம் தப்பக் கூடாதேன்னு அந்த இடத்துல வெறும் அமைதியை ஒட்டினேன். அதுதான் உன் ரெண்டு தட்டு!"

குழாய்க்காரர்களில் ஒரு ஒல்லிப்பயல் களுக்கென்று சிரித்தான். "அப்ப இவ்வளவு நாளா இருமலுக்கா கண்ணை மூடிக்கிட்டு நின்னோம்?"

சுத்தத்தின் புறங்கை அவன் உதட்டைக் கிழித்தது.

"உங்கம்மா இருமினது அவ சீக்கு. நாங்க நிறுத்துறது எங்க பரம்பரை." அக்காவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடி கைப்பிடியைப் பற்றினான். "கடைசித் தடவை. இதுலயும் ஓடினா கையே இருக்காது."

"தம்பி, நிறுத்தித் தொலைடா," என்று கெஞ்சினாள் அக்கா. "அம்மா கோவிச்சுக்க மாட்டா."

"போக்கா."

பாடினான். முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாவதில் தொண்டைக்குள் இறங்கிய ரத்தம் அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றது. சத்தமே வரவில்லை. கச்சிதமாக இரண்டு தட்டு. துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

சுத்தத்தின் கண்கள் கலங்கின. தன் கையாலேயே வைஸைத் தளர்த்தினான்.

"பாத்தீங்களாடா? தானா வந்திடுச்சு! நம்மாளுதான்டா இவன். எல்லாரும் பாடுங்க!"

நால்வரும் பாடக் கண்ணை மூடிய நொடியில் அக்கா தம்பியைத் தோளில் சாய்த்துத் தெருவுக்கு இழுத்தாள். தொங்கிய கையைத் துப்பட்டாவில் சுற்றி, எதிரே வந்த ஆட்டோவுக்குள் அவனைத் தள்ளினாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே, சீக்கிரம்!"

பட்டறையில் நான்கு குரல்கள் சேர்ந்து எழுந்தன. மூன்றாவது அடி. மௌனம்.

அந்த மௌனத்துக்குள் ஒல்லிப்பயல் வேண்டுமென்றே இருமினான்.

அடுத்துக் கேட்டது குழாயின் சத்தம்.