லெட்சுமணன் வீட்டில் ஆணி இல்லை

அம்மாக்கண்ணு தன் காதுத் தோட்டைக் கழற்றி, வாசல் சிமெந்துப் படியில் நாலு தேய்ப்புத் தேய்த்து, கரண்டிப் பாலில் அலசிக் கொடுத்தாள். பிரேமினி அதை வாங்கி மாமனாரின் வாயோரம் வைத்துச் சாய்த்தாள். பாதி உள்ளே போனது. பாதி கன்னத்தில் வழிந்து தலையணைக்குள் இறங்கியது. லெட்சுமணன் கண்ணைத் திறக்கவில்லை. போகவும் இல்லை.

"பொன்னாசை இல்ல மனுசனுக்கு," என்றாள் அம்மாக்கண்ணு, தோட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டே. "வேற என்னமோ புடிச்சு வச்சிருக்கு."

மூன்று நாளாக இதே கதைதான். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வியாழக்கிழமை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோடித்துணிகூட வாங்கி வைத்தாகிவிட்டது. அவர்தான் அவசரப்படவில்லை. எழுபத்து மூன்று வயதுவரை ஒரு உடைந்த குடைக்கம்பியைக்கூட லேசில் விட்டுக்கொடுக்காத மனிதர், உயிரை மட்டும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவாரா?

அம்மாக்கண்ணு பழைய லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பிரா. இந்தப் புது வீட்டு வரிசையிலும் பக்கத்து வீடுதான். பிறப்பு இறப்பு என்றால் அவள் சொன்னது சட்டம். உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஓர் ஆசை உள்ளே நிற்கிறதாம். அது எதுவோ அதைப் பாலில் கரைத்து வாயில் விட்டால் ஆள் நிம்மதியாகப் போய்விடுமாம். பொன்னாசைக்குப் பொன்னை உரசியாயிற்று. அடுத்தது மண்.

மண் என்றதும் ஒரு சிக்கல் வந்தது. சொந்த மண்ணாக இருக்க வேண்டும் என்றாள். நாலு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து மண்ணையே மிதித்த குடும்பத்தில் சொந்த மண்ணுக்கு எங்கே போவது? இந்த வீட்டோடு ஏழு பேர்ச் காணி கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் லெட்சுமணன் அதில் ஒரு அடி வைத்ததில்லை. வேனிலிருந்து தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். இது யார் வீடு என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

கடைசியில் மகன் ஜீவராஜ் பழைய லயத்துக்கே ஏறிப் போனான். மேலே மலை வெடிப்பு விட்டிருக்கிறது, மண் சரியும், யாரும் போகக்கூடாது என்று அங்கே பலகை நட்டு ரிப்பன் கட்டியிருந்தது. அதற்கடியில் குனிந்து நுழைந்து, காம்பிராவுக்குப் பின்னால் அப்பா லீக்ஸ் நட்ட பாத்தியில் ஒரு பிடி மண் எடுத்து, ஷொப்பிங் பேக்கில் முடிந்துகொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றான். ஒரு சிட்டிகை கரைத்து ஊட்டினார்கள். லெட்சுமணன் இருமினார். அவ்வளவுதான்.

வாதத்தில் அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடது கை மட்டும் ஓயவில்லை. மெத்தைக்கு வெளியே நீண்டு வெறுந்தரையைத் தடவும். கொஞ்சம் நிற்கும். மறுபடி தடவும். தண்ணீர் கேட்கிறார் என்றாள் ஒருத்தி. யமனைத் தள்ளுகிறார் என்றாள் இன்னொருத்தி. ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். அந்தக் கை எதைத் தேடுகிறது என்று அந்த வீட்டில் பிரேமினி ஒருத்திக்குத்தான் தெரியும்.

லயத்தில் அவருடைய கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. படுக்கும்போது அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டுதான் கண்ணை மூடுவார்.

லெட்சுமணன் தேயிலைப் பெக்டரியில் பெட்டி அடிக்கிற வேலை பார்த்தவர். பலகை வைத்து, ஓரத்துக்குத் தகரம் வைத்து, ஆணி அடித்து, ஒரு நாளைக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. பிறகு கடுதாசிப் பை வந்தது. பெட்டி அடிக்கிற அறையைப் பூட்டி, அவரை இலை அள்ளப் போட்டார்கள். கடைசியாக அடித்த பெட்டியைத் துரையிடம் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குக் காலும் மூடியும் தானே செய்தார். ஜீவராஜ் அதன்மேல் கொப்பியை வைத்துத்தான் எழுதிப் படித்தான். மனைவி யோகேஸ்வரி செத்தபின் அவளுடைய இரண்டு சேலையை அதற்குள் மடித்து வைத்தார்.

அந்தப் பெட்டி ஒன்றோடு போயிருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்! பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறைதான் காம்பிரா. அதில் அவர் சேர்த்து வைத்த சாமான்களை எண்ணினால் பாவம். கைப்பிடி போன கோப்பை, முள் நின்ற மணிக்கூடு, மூக்கு உடைந்த கேத்தல், மூன்று சைக்கிள் மணி. சைக்கிள் மட்டும் அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. அப்புறம் ஆணி. எங்கே ஒரு கோணல் ஆணி கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்து, வாசல் இஸ்தோப்பில் குந்தி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பிஸ்கட் டின்னில் போடுவார். லயத்தில் யாருக்கு ஆணி வேண்டுமென்றாலும் அவர் வாசலுக்குத்தான் வர வேண்டும். பிரேமினி கல்யாணமாகி வந்து பதினாறு வருஷம். கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் இரண்டு பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறாள். அவள் பொல்லாதவள் இல்லை. கொஞ்சம் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

அவர் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில்தான் லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். இரண்டு நாள் தவணை. ஒரு டிரக்டர் லோடு. ஆஸ்பத்திரி வாட்டில் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் இனிமேல் அவர் திரும்ப மாட்டார் என்றார்கள். ஜீவராஜ் சாமான்களைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், எல்லாவற்றையும் எறி, பெட்டியை மட்டும் வைத்துக்கொள் என்றான். பழைய இரும்புக்காரன் வந்து ஆணி டின்னோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனான். பெட்டி டிரக்டரில் ஏறிப் பத்திரமாகத்தான் வந்தது.

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையிலிருந்து மழை. காஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. கொண்டுவந்த விறகெல்லாம் தொப்பலாக நனைந்து புகைந்தது. நல்ல நேரம் முடியக் கால் மணித்தியாலம்தான் இருந்தது. ஜீவராஜ் கீழே ரோட்டில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். தறப்பாள் போர்த்தி வந்ததால் அந்தப் பெட்டி ஒன்றுதான் காய்ந்திருந்தது. பிரேமினி சேலைகளை எடுத்து உரப்பையில் வைத்தாள். மூடியை மட்டும் உடைத்தாள். முப்பது வருஷத்துப் பலகை, குப்பென்று பிடித்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மூடி இல்லாத பெட்டி எதற்கு என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் மிச்சத்தையும் வைத்து எரித்தாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்த உடனேயே கோணிய வாயால் ஒரு சொல் சொன்னார். மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"பத்தரமா இருக்கு மாமா," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கைதான் பேசுகிறது. யாருக்கும் தெரியாமல் யோகேஸ்வரியின் சேலையை மடித்து அந்தக் கைக்கடியில் வைத்துப் பார்த்தாள். கை துணியைத் தடவியது, தாண்டிப் போனது. அது பலகையைத் தேடியது.

மண்ணும் பலிக்காமல் போனபின் ஜீவராஜ் சுவரோரம் குந்தியிருந்தான். அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்தான்.

"பெட்டியத்தான் தேடுறாரு. அது எங்க வச்ச? கொண்டாந்து கையில தொட வைப்போம்."

வழியில் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லலாம். மூன்று நாளாகப் பிரேமினி இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவனை அழைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"எரிச்சிட்டேங்க," என்றாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தானா என்றே தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தான். அடுப்புக்கு மேலே கரி பிடித்த புதுச் சுவரைப் பார்த்தான்.

"பால் காய்ச்சுன அன்னிக்கா?"

"ஆமா."

"அந்தப் பால நானுந்தானே குடிச்சேன்," என்றான்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஓர் அறை விட்டிருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் பின்கதவால் இறங்கி, முள்ளங்கிப் பாத்திக்கென்று வெட்டி விட்டிருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

பிரேமினி அடுப்புக்கடியில் குனிந்தாள். பாத்திரம் துலக்கவென்று அன்றைய சாம்பலைப் பால்மா டின் ஒன்றில் அள்ளி வைத்திருந்தாள். அதில் ஒரு சிட்டிகை எடுத்தாள். கரண்டிப் பாலில் போட்டு விரலால் கலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "திருநூறா? அதுவும் நல்லதுதான், குடு."

பிரேமினி கரண்டியோடு மெத்தையோரம் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் அவரை இப்படி அவள் தொட்டதே இல்லை. பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருந்தது அந்தத் தலை. காதோரம் குனிந்தாள்.

"மாமா, பெட்டி இல்ல. நாந்தான் எரிச்சேன். நீங்க வர மாட்டீங்கனு நெனச்சிட்டேன்."

பாலைச் சாய்த்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவருக்குக் கேட்டதா கேட்கவில்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மறுபடி தரைக்கு நீண்டது. அவள் தன் கையை அதற்கடியில் வைத்தாள். தடவிப் பார்த்தது, தாண்டிப் போனது.

நாலு மணிக்கு அம்மாக்கண்ணு தன் வீட்டில் தேத்தண்ணி ஊற்றி எல்லோரையும் கூப்பிட்டாள். பிரேமினி வெளியே தண்ணீர்ப் பீலியடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள். கழுவிவிட்டு உள்ளே வந்தபோது கை நின்றிருந்தது. விரல்கள் விரிந்தபடி, உள்ளங்கை தரையில் பட்டுக் கிடந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, போய்ச் சொல்ல வேண்டுமே என்று நின்றாள்.

மறுநாள் ராகலை டவுனிலிருந்து அவருக்குப் பெட்டி வந்தது, பளபளவென்று பொலிஷ் போட்டு. அதை வைக்க முன்னறையைக் காலி பண்ண வேண்டுமென்று ஆறு ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் காம்பிராச் சாமான்களைத் தூக்கிப் பக்கத்து வீடுகளில் அடுக்கவே பாதி நாள் போகும். இங்கே தூக்க ஒரு மெத்தையும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும்தான் இருந்தன. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேலையில்லாமல் வெளியே போய் வெற்றிலை போட்டார்கள்.

லெட்சுமணனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு எடுத்து வந்திருந்தான் விஜேந்திரன். ஜீவராஜோடு வேலை செய்கிறவன். தலைமாட்டுச் சுவரில் அளவு பார்த்துவிட்டு, ஓர் ஆணி கொடுங்கள் என்று கேட்டான். ஜீவராஜ் பிரேமினியைப் பார்த்தான். நேற்றுப் பின்கதவால் போனதிலிருந்து அவள் முகத்தை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆணி இல்லை என்று சொன்னதும் விஜேந்திரன் சிரித்துவிட்டான். சாவு வீடென்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான்.

"லெச்சுமணன் மாமா வீட்டுல ஆணி இல்லையா?"

கடை தூரம், அம்மாக்கண்ணு வீட்டிலும் இல்லை. படத்தைக் கதிரையில் சாய்த்து வைக்கலாம் என்றார் ஒருவர். பிரேமினி எழுந்து குசினிக்குள் போனாள்.

சாவு விழுந்த வீடு, அடுப்பு மூட்டவில்லை. பால்மா டின்னைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினாள். ஆறிய சாம்பலுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சின்னச் சின்னத் தகரத் துண்டுகள் அகப்பட்டன. முள் மாதிரிச் சின்ன ஆணிகள் நாலைந்து, படத்துக்குத் தாங்காது. அப்புறம் ஒன்று, விரல் நீளம். மூடிக்கென்று அவரே அடித்தது. கறுத்து, நடுவில் கோணியிருந்தது.

பின்வாசல் படியில் குந்தி, அதை வைத்து ஒரு கல்லால் தட்டினாள். ஆணி உருண்டது. திரும்ப வைத்துத் தட்டினாள். மறுபக்கம் உருண்டது. அவர் எப்படித் தட்டுவார் என்று பதினாறு வருஷமாகத் தினமும் பார்த்ததுதான், ஆனால் கவனித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை விரலில் பட்டது.

சத்தம் கேட்டு ஜீவராஜ் வந்தான். எதிரே குந்தி, ஆணியின் தலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் தட்டினாள். தீயில் வெந்த ஆணி, சொன்னபடி நிமிர்ந்தது.