சாக்பீஸ் கோட்டுக்கு மேலே

இறங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஏறியிருந்தது. அதுதான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எங்கள் பட்டறையில் பெஞ்சுமேல் இருக்கிற டிரில்லிங் மெஷினைச் சொல்கிறேன். மரக் கைப்பிடிகளுக்கு ஓட்டை போடுவது அதில்தான். கட்டையை வைக்கிற இரும்புத் தட்டு, உருண்டைத் தூணைக் கவ்விக்கொண்டு நிற்கும். உயரத்தை மாற்றப் பின்பக்கத் திருகைத் தளர்த்தினால் ஏழெட்டு கிலோ தட்டு தொப்பென்று விழும். ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே மறு கையால் முடுக்க வேண்டும். இந்தக் கூத்தை என் வீட்டுக்காரர் இருபது வருஷம் ஆடினார். வலது தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனதுதான் மிச்சம். ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது, மறுபடி கிழிந்தால் நரம்பும் சேர்ந்து போய்விடும், அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதனால் ஓடாமல் கிடந்த காரிலிருந்து ஜாக்கியை எடுத்து, மெஷினின் அடித்தளத்தில் தட்டுக்குக் கீழே நிறுத்தினேன். சுற்றினால் தட்டு சமர்த்தாக ஏறும், இறங்கும். அவர் வேலைக்குத் திரும்பும்போது கஷ்டப்படக் கூடாதே என்றுதான் செய்தேன். குனிந்து பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். முகம்தான் அப்படிச் சொல்லவில்லை. பாராட்டுவதற்குக் காசா கேட்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அன்று காலை வேலை முடிந்ததும் தட்டின் உயரத்தைத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். கடைக்குப் போய் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், தட்டு கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. ஜாக்கி அதைத் தொடவே இல்லை, நடுவில் இடைவெளி. தாங்க ஆளில்லாமல் தட்டு எப்படித் தானாக ஏறும்?

அவரைக் கேட்டேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமே போகவில்லை என்றார். வெயிலுக்கு இரும்பு நீளும் என்று விளக்கமும் சொன்னார். பத்தாவதில் அறிவியலில் கோட்டை விட்டவர். இருந்தாலும் கையைத் தூக்கவே முடியாத மனுஷன் மேல் எப்படிச் சந்தேகப்படுவது? திருகை மாற்றினேன், வாஷர் போட்டேன், தூணை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன்.

மறுநாள் தட்டு கோட்டுக்குக் கீழே இருந்தது. போதாததற்கு இடது பக்கம் திரும்பியும் இருந்தது. போனில் நாத்தனாரிடம் புலம்பினால், மெஷின் சமாசாரத்தில் நீ எதற்கு மூக்கை நுழைக்கிறாய் என்றாள். எனக்கே ஏதாவது ஆகிவிட்டதோ, கோட்டைத் தப்பான இடத்தில் போடுகிறேனோ என்று பயம் வந்தது. மூன்றாம் நாள் இரண்டு முறை அளந்து கோடு போட்டேன்.

அன்று பாதி வழியில்தான் ரசீதுப் புத்தகத்தை எடுக்காதது தெரிந்தது. திரும்பி வந்தேன்.

பட்டறைக்குள் அவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஜாக்கி அடிவரைக்கும் இறக்கியிருந்தது. கட்டு அவிழ்ந்த வலது கை தட்டுக்கு அடியில். இடது கை திருகில். முகமெல்லாம் வேர்வை. தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஓடிப்போய்க் குனிந்து ஜாக்கியைச் சுற்றினேன். அது தட்டைத் தொட்டது, பாரத்தை வாங்கிக்கொண்டது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"எத்தனை நாளா இது?"

"நீ ஜாக்கி வச்ச நாள்லேர்ந்து."

"எதுக்குங்க?"

"இது இல்லாம என்னால முடியுதான்னு பாத்தேன். மொத நாள் கொஞ்சம் ஏத்தினேன். நேத்து அதுகூட முடியல."

இவருக்காகச் செய்தேன் என்று மூன்று நாளாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர் அதைப் பார்த்துப் பார்த்து பயந்திருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, போதும். ஜாக்கி தாங்கிக்கிச்சு. கைய எடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"எடுத்துட்டேனே," என்றார்.

கை இன்னும் தட்டுக்கு அடியிலேயே இருந்தது.