ஹாஸ்கெட் தாத்தாவின் மரம்

நெவாடா மலைகளில் பின்யான் என்ற பைன் மரக்காட்டை வயது பார்த்து வகைபிரிப்பது என் வேலை. வருடத்துக்கு ஒன்றாக, மரத்துக்குள் நூற்றைம்பது வளையத்துக்கு மேல் இருந்தால் பழங்காடு, யாரும் தொடக்கூடாது. குறைந்தால் புல்வெளியில் பின்னால் வந்து புகுந்த மரம், பிடுங்கிவிடலாம்.

பதினெட்டு வருடத்துக்கு முன் வந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பண்ணைக்கார ஹாஸ்கெட், தன் மாடுகளுக்குப் புல் வேண்டும் என்பதற்காக, "எல்லாம் நேத்து முளைச்சதுங்க" என்று கைகாட்டினான். இரண்டு புல்டோசருக்கு நடுவே கப்பல் சங்கிலி கட்டி இழுத்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஷோஷோனி குடும்பங்கள் கழியால் கூம்பு தட்டிக் கொட்டை எடுத்த காடு ஒரே பகலில் சாய்ந்தது. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பத்து வளையம்.

இன்று ஹாஸ்கெட்டின் வேலிக்கு வெளியே, அரசு நிலத்தில் நிற்கும் பின்யானை வயது பார்க்கத் துளைத்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"வெர்னா, பாத்து எழுதும்மா. எங்க தாத்தாவ இதுங்கீழதான் பொதைச்சிருக்கு. பழைய மரம்னு போட்டுடு."

துளைத்தெடுத்த, வளையங்கள் கோடு கோடாகத் தெரியும் மெல்லிய குச்சியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "நீங்களே எண்ணுங்க."

உதடு அசைய எண்ணினான். "தொண்ணூத்தி நாலு."

"உங்க தாத்தா இங்க எப்ப வந்தாரு?"

அவன் குச்சியை என்னிடம் திருப்பி நீட்டினான்.

பொய் எழுத எனக்குத் தேவையே இல்லை. படிவத்தில் எழுதியதை அவனுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன்.

"பின்னால் வந்து புகுந்தது. அகற்றலாம்."