கோடு வந்து சேராத பெட்டி

மென்பொருள் எழுதுவோருக்கான அந்தக் கருவி ஏப்ரலில் வெளிவர இருந்தது. நிரலை எழுத்தாக எழுதாமல், பெட்டிகளாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரையச் செய்வது அது. ஏற்கெனவே எழுதிய நிரலைக் கொடுத்தால், அதைப் படமாக வரைந்தும் காட்டும். தயாரித்த நிறுவனத்தார் சில அலுவலகங்களுக்கு அதை முன்கூட்டியே அனுப்பி, மூன்று வாரம் பயன்படுத்திவிட்டு ஒரு பக்கத்தில் கருத்து எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஜப்பானில், நீகாதா நகரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. எங்கள் பிரிவில் ஐந்து பேர். அறுபது வயதில் ஓய்வு பெற்றபின் ஆண்டு ஒப்பந்தத்தில் தொடர்பவள் நான் ஒருத்தியே.

கருத்து முதல் நாளே முடிவாகிவிட்டது. எங்கள் பிரிவின் செகிகுச்சி திரையில் இரண்டு பெட்டிகளை இழுத்து இணைத்துவிட்டுச் சிரித்தார்.

"என் பொண்ணு வீட்ல இப்படித்தான் ரயில் தண்டவாளம் மாட்டுறா. அவளையே வேலைக்குச் சேர்த்துக்கலாம் போல."

"சேர்த்துக்கலாம். மாட்டி முடிச்சதும் ரயில் ஓடுதான்னு அவ தள்ளிப் பார்ப்பா. நீங்க அதுகூடப் பாக்கறதில்லையே" என்றேன்.

"ஐயோ, இகராஷி சான்! காலைலயேவா?" என்றார், என் பெயரோடு மரியாதைக்குரிய 'சான்' சேர்த்து.

குறைகள் எனக்கும் தெரிந்தன. பெயர் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் நீண்டால் பெட்டி அதை வெட்டிவிடுகிறது. ஒரு சொல்லைத் தேடப் படத்தை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, கண்டுபிடிக்கும் வேலையை நம் கண்ணிடமே விட்டுவிடுகிறது. இவற்றையெல்லாம் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன். ஆனால் இரண்டு பெட்டிகளை இணைத்துப் பார்த்துவிட்டு ஒரு கருவியைத் தள்ளிவிடுவது முறையன்று. ஆகவே இரண்டாம் வாரத்தில், துறைமுகத்து மீன் குளிர்கிடங்குக்காகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் தனியாக எழுதிய கண்காணிப்பு நிரலை அதனிடம் கொடுத்தேன். அந்த நிரல் இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிமிடத்தில் படம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு கோடு வந்து சேர்ந்தது. கீழே வலது மூலையில் மட்டும் ஒரு பெட்டி சாம்பல் நிறத்தில் தனித்து நின்றது. எந்தக் கோடும் அதைத் தொடவில்லை. அதன்மேல் நான் வைத்த பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தது. இருந்தாலும் எனக்கு அது என்னவென்று தெரியும். கிடங்கிலுள்ள இரண்டு வெப்பமானிகளும் பழுதானால் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டிய பகுதி அது. எழுதியிருக்கிறேன், ஆனால் அதை இயக்கச் சொல்லும் வரியை எங்குமே எழுதவில்லை. இத்தனை ஆண்டுகளில் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகாதது என் திறமையால் அன்று.

தேநீர்க் கோப்பையுடன் பின்னால் நின்ற செகிகுச்சி சிரிக்கவில்லை.

"கருவி தப்பா வரைஞ்சிருக்கும், இகராஷி சான்."

"கருவி சரியாத்தான் வரைஞ்சிருக்கு. தப்பா எழுதினது நான்."

அன்று மாலைக்குள் கிடங்கு மேலாளரிடம் நானே தொலைபேசியில் சொல்லி, விடுபட்ட வரியைச் சேர்த்து, சோதித்தும் முடித்தேன்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை கருத்துப் பக்கம் சுற்றுக்கு வந்தது. 'தொடக்க நிலையினருக்கு ஏற்ற விளையாட்டு. அனுபவமுள்ள நிரலர்களுக்குப் பயனில்லை.' கீழே, கையெழுத்துக்குப் பதிலாக எங்கள் ஊரில் வைக்கும் பெயர் முத்திரைகள் நான்கு, சிவப்பில். ஐந்தாவது வட்டம் எனக்காகக் காலியாக இருந்தது. எழுதியவர் பிரிவுத் தலைவர் நிவா. அவர் அறைக்குப் போனேன்.

"நிவா சான், இந்தப் பக்கத்துல என் முத்திரை விழாது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உங்களுக்காகத்தான் இப்படி எழுதினேன். பத்தொன்பது வருஷமா யாருக்கும் தெரியாத தப்பை இது ஒரு நிமிஷத்துல காட்டிடுச்சுன்னு எழுதினா, உங்க பேரு என்னாகறது?"

"என் பேரு இருக்கட்டும். அந்த நிரலைச் சரிபாத்துட்டோம்னு அப்போ மூணு பேர் முத்திரை வச்சிருக்காங்க. அதுல ஒண்ணு உங்களோடது."

அவர் காது சிவந்தது. "அப்போ நான் வேலைக்குப் புதுசு."

"நான் புதுசில்ல. அதனால என் தப்பு பெருசு. அதை நானே எழுதறேன்."

"உடன்பாடு இல்லைன்னா முத்திரையைத் தலைகீழா வச்சிடுங்களேன். பாக்கறவங்களுக்குப் புரியும். வழக்கம்தானே?"

"தலைகீழா வச்சா மறுத்த மாதிரியும் ஆச்சு, சம்மதிச்ச மாதிரியும் ஆச்சு. எனக்கு அந்த வசதி வேண்டாம்."

"மார்ச்ல உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்." குரல் தாழ்ந்தது. "இயக்குநர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் எழுதினதைக் குடுங்க, படிச்சுக்கட்டும்."

"அலுவலகத்துக்கு ஒரு பக்கம்தான்னு சொல்லியிருக்காங்க."

"ஆளுக்கொரு பக்கம் கூடாதுன்னு சொல்லல. விதிமுறையை ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

என் மேசைக்குத் திரும்பி எழுதினேன். பெயர் வெட்டுப்படுவது, தேடல், வேறுபாடு காட்டாமை ஆகிய மூன்று குறைகளையும் முதலில் வைத்தேன். அவை தீராமல் இதை வெளியிடக் கூடாது என்றேன். பிறகு இதைச் சேர்த்தேன்: 'பத்தொன்பது ஆண்டுகள் ஓடிய என் நிரலில் ஒரு பகுதியை யாரும் இயக்கவில்லை என்பதை, எழுதிய நானும் காணவில்லை, சரிபார்த்த மூவரும் காணவில்லை. இக்கருவி முதல் பார்வையிலேயே காட்டியது. இதை விளையாட்டு என்பவர்கள் தம் நிரலை இதனிடம் கொடுத்துப் பார்த்தபின் சொல்லட்டும்.' கீழே பெயரும் தேதியும் எழுதி, முத்திரையை நேராக வைத்தேன்.

நிவா வந்து என் தோளுக்கு மேலே படித்தார். அறையில் மற்றவர்களின் விசைப்பலகைகள் நின்றுபோயின.

"பேரையாவது எடுத்துடலாமே, இகராஷி சான்."

"பேர் இல்லாத கருத்தை யார் மதிப்பாங்க?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன். அவர் நகரவில்லை. எங்களுக்கு அனுப்பிய கருவியின் முன்பதிப்பு காலாவதியாக இன்னும் மூன்று நாள் இருந்தது. நீர் வழங்கல் நிலையத்துக்கு நான் எழுதிய நிரலைத் திறந்து, கருவியிடம் கொடுத்தேன்.

"இன்னுமா?" என்றார் நிவா.

"நான் எழுதினதுல இந்த ஊர்ல ஓடிட்டிருக்கறது இன்னும் பத்து இருக்கு. அது முடிஞ்சதும் உங்களோடதைத் திறப்போம். நாற்காலியை எடுத்துட்டு வாங்க."