அடித்துவிட்ட பத்தி

1

இந்தக் கதை ஒரு அலுவலகக் கடிதத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கடிதம் என் அக்காவுடையது. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேதியியலாளர். புது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்க வேண்டும், இரண்டில் எதை வாங்குவது, ஏன் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். "நீதான் கதையெல்லாம் எழுதறியே, இதக் கொஞ்சம் திருத்திக் குடுடி" என்றாள். திருத்தினேன். கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். "நடை சரியில்லக்கா" என்றேன்.

அது பொய்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அறையின் மூலையில் அந்தக் கருவி ஒரு மிருகம் போல உறுமிக்கொண்டு...'

(வேண்டாம். பம்பு ஓடியது, அவ்வளவுதான்.)

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு விஷம் இருந்தாலும் அது கண்டுபிடிக்கும். ஆர்கான் வாயுவின் அனலில் தண்ணீரைச் சிதறடித்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும். எடையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. ஆர்சனிக் என்கிற விஷத்தின் எடை எழுபத்தைந்து. உப்புத் தண்ணீரில் உள்ள குளோரின் ஆர்கானோடு சேர்ந்துகொண்டால் அதற்கும் எழுபத்தைந்து. அதனால் உப்புக்காக ஒரு கணக்குப் போட்டுக் கழிப்பார்கள். தண்ணீரில் செலினியம் என்ற தனிமமும் இருந்துவிட்டால் அந்தக் கணக்கு பிசகும். கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்துவிடும். விஷம் இருக்கும், காகிதத்தில் இல்லை என்று வரும்.

அக்காவின் கூடத்தில் பழைய கருவிக்குப் பட்டப்பெயர் 'மாமியார்'. எதைக் கொடுத்தாலும் குறை சொல்லும் என்பதால். சொல்லியே ஆக வேண்டிய ஒரு குறையை ஒருநாள் சொல்லாமல் விட்டது.

3

கூடத்து வண்டியை ஓட்டுகிறவரை அக்கா அண்ணே என்பாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"மேடம், எங்க தெருக் கிணத்துத் தண்ணி. கொஞ்சம் உப்பு கரிக்குது. சும்மா பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா அன்றே பார்த்தாள். கணக்குப் போட்டுக் கழித்தாள். கையெழுத்துப் போட்டாள். "உப்புத்தாண்ணே. பயப்படாம குடிங்க."

(இவரை எழுத வரவில்லை. ரொம்ப நல்லவராக வந்து நிற்கிறார். குறை ஏதாவது உண்டா என்று அக்காவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "காலி ரோட்லயும் ஹாரன் அடிப்பாரு" என்றாள்.)

போன வருடம் அவர் மனைவிக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையைப் பிடித்தபோது உள்ளங்கை முழுக்கக் காய்ப்புக் காய்த்தமாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள். ஆர்சனிக் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தக் கை தெரியும். நேரே கூடத்துக்கு வந்து பழைய கோப்பைத் திறந்தாள். செலினியம் அதே தாளில் இருந்தது. அன்றைக்கு அவள் கண்ணை அங்கே ஓட்டவில்லை.

தண்ணீரை வெளியூருக்கு அனுப்பினாள். அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு என்று பதில் வந்தது. புதிதாக வந்த கேடு என்று நினைத்துக் கிணற்றை மூடினார்கள். அதற்கு மூன்று நாள் முன்பே அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

4

நான் அடித்த பத்தியில் இதெல்லாம் இருந்தது. அக்காவின் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த இடத்தில், 'பழைய கருவியில் பிழை நேர வாய்ப்புள்ளது' என்று போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக மோசமான வாக்கியம்.

கூட்டத்தில் இயக்குநர் அந்த வரியில் விரலை வைத்தார். "வாய்ப்புள்ளதுன்னா? இத்தன வருஷத்துல ஒரு தப்பாவது நடந்திருக்கா? விலை கம்மியா இருக்கறதே போதுமே."

விலை குறைந்த கருவியும் பழையதைப் போலத்தான், கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். அக்கா கேட்ட கருவியில் மூன்று அறை. உள்ளே ஆக்சிஜனைக் கொடுத்தால் ஆர்சனிக் அதோடு ஒட்டிக்கொண்டு எடை மாறித் தனியே வந்துவிடும். உப்பின் வேஷம் கலைந்துவிடும்.

அக்கா எழுந்து நின்றாளாம். "நடந்திருக்கு சார். நான்தான் பண்ணேன்."

மூன்று அறைக் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

5

வேறு யாராவது சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"லாரித் தண்ணி பிடிக்கலாம்னுதான் அவ சொன்னா மேடம். தெனமும் சொன்னா. நான்தான் சண்ட போட்டேன். மேடமே பாத்துச் சொல்லிட்டாங்க, உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

துணியை மடித்து வண்டி மேல் வைத்தார்.

"கெணத்தத்தான் மூடியாச்சே. இத எனக்கு எதுக்குச் சொன்னீங்க?"

"தெரியணும்ல அண்ணே."

"யாருக்கு?"

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் மன்னிக்கிறார். அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு அவர்... (நிறுத்திவிட்டேன். மன்னிப்புக்கு அவசரப்படுவது நான்.)

(ஆ) வழக்குப் போடுகிறார். போட்டிருக்கலாம், நியாயமும் இருக்கிறது. போடவில்லை.

(இ) புற்றுநோய்க்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். உண்மையிலேயே சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். நான்கு நாள் லீவு போட்டார், ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். இப்போதும் மாதிரி எடுக்கப் போகும்போது அவர்தான் ஓட்டுகிறார், அக்கா பின்னால் உட்காருகிறாள். அவர் கேட்ட "யாருக்கு?" என்பதற்கான பதிலை நான்கு விதமாக எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்குத் தோன்றினால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விடுகிறேன்.

போன வாரம் அக்காவிடம் கேட்டேன், வண்டியில் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொள்வீர்கள் என்று.

"வழி சொல்வேன்."

"அவருக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே?"

"தெரியும்" என்றாள். "இருந்தாலும் சொல்வேன். அவரும் சரின்னுவாரு."